மஞ்சள்தானுங்

மஞ்சள்தான், இதில் என்ன சந்தேகம், சுத்தமான எலுமிச்சை மஞ்சள் என்று நாச்சிமுத்து மறுபடியும் சொல்லிக்கொண்டார். விடிந்ததிலிருந்து எத்தனை தடவை சொல்லியாயிற்று என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பிளாஸ்டிக் ஸ்டூல், அதன்மேல் ஒரு தலையணை, தலையணைமேல் வலது கால். சுண்டுவிரல் இருந்த இடத்தில் இப்போது விரல் இல்லை, ஆறாத புண் இருக்கிறது, புண்ணின்மேல் அந்தப் புது மாதிரிக் கட்டு இருக்கிறது. கட்டு என்றால் பஞ்சு வைத்துத் துணி சுற்றின கட்டு இல்லை. பாதி காய்ந்த ஜவ்வரிசி வடகம் போல மெத்தென்ற ஒரு பட்டை, அதன் நடுவில் எட்டணாக் காசளவு ஒரு வட்டம். ஒன்பது நாளாக அந்த வட்டத்துக்குத்தான் அவர் காவல். "இதுக்குள்ள கடுகு கடுகா மருந்து இருக்குதுங்கய்யா," என்று டாக்டர் கோகிலவாணி சொல்லியிருந்தார். "வட்டம் மஞ்சளா இருக்கற வரைக்கும் புண்ணு சுத்தமா இருக்குன்னு அர்த்தம். உள்ள கிருமி பெருக ஆரம்பிச்சா புண்ணுல ஊறுற தண்ணி மாறும். அந்தத் தண்ணி பட்டதும் கடுகு உடைஞ்சு மருந்து தானா எறங்கும், வட்டமும் பச்சையாயிரும். ஆனா அந்த மருந்து ஒரு நாளைக்குத்தான் தாங்கும். அதுக்குள்ள நீங்க இங்க வந்துரணும். வராம விட்டீங்கன்னா இந்தத் தடவை விரலோட நிக்காது, பாதத்தையே எடுக்கற மாதிரி ஆயிரும்." பாதத்தையே என்பதை அந்த அம்மா சத்தம் கூட்டாமல் குறைக்காமல்தான் சொன்னார். அது நாச்சிமுத்துவின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, ஒன்பது நாளாக எழுந்து போகவில்லை.

ஒரு அட்டையையும் கொடுத்தார்கள். மஞ்சள், மஞ்சளும் பச்சையும் கலந்தது, பச்சை, கரும்பச்சை என்று வரிசையாக நாலு கட்டம் போட்ட அட்டை. அதைக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் தினமும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், முடிந்தால் வீட்டில் இன்னொருவரும் பார்த்தால் நல்லது என்றார்கள். அதைக் கேட்டதும் நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மிணி, நான் முப்பத்தியோரு வருஷமா சாயப்பட்டறைல கலர் மாஸ்டருங். எனக்கு அட்டை குடுக்கறீங்களே," என்றார். டாக்டரம்மாவும் சிரித்தார், எஸ்தர் சிஸ்டரும் சிரித்தாள், கூட வந்திருந்த மனைவி துளசிமணிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படி ஒரு மரியாதை கிடைத்தால் மனுசனுக்கு வேறென்ன வேண்டும். அட்டை அன்றைக்கே டிவி மேசை இழுவறைக்குள் போய்விட்டது. தினம் காலை ஏழு மணிக்கு எஸ்தர் சிஸ்டர் போன் பண்ணுவாள், அய்யா என்ன கலருங்கய்யா என்பாள், மஞ்சள்தானுங் என்பார், அவ்வளவுதான். இன்றைக்கும் ஏழு மணிக்குப் போன் வந்தது. இன்றைக்கும் மஞ்சள்தானுங் என்றார். ஆனால் சொல்லுவதற்கு முன்னால் ஒரு நொடி நின்றார். அந்த ஒரு நொடி சிஸ்டருக்குத் தெரிந்திருக்காது, அவருக்குத் தெரிந்தது. எதற்காக நின்றோம், மஞ்சளை மஞ்சள் என்று சொல்ல எதற்கு ஒரு நொடி என்று அப்போது பிடித்துக்கொண்டதுதான், மணி ஏழே முக்காலாகியும் விடவில்லை.

கொஞ்சம் மங்கினாற்போல இருக்கிறது, அதுதான் விஷயம். மங்கல் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு சொட்டு அழுத்தம். நேற்று சாயங்காலம் குளித்தபோது, பாலிதீன் பை கட்டித்தான் குளித்தார், இருந்தாலும் ஒரு ஓரமாகத் தண்ணீர் போயிருக்கும், அந்த ஈரம்தான். ஈரத்தில் எந்த ஷேடும் அழுத்தமாகத்தான் தெரியும். சாயத் தொட்டியிலிருந்து எடுத்த துணியை அப்படியே பார்த்து ஐயோ டார்க் ஆகிவிட்டது என்று கத்துகிறவன் நேற்று வேலைக்கு வந்தவன். மாஸ்டர் கத்தமாட்டான். ஒரு துண்டை வெட்டிப் பிழிந்து, இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துக் காயவைத்து, ஆறவிட்டு, அப்புறம்தான் பார்ப்பான். ஆகவே காயட்டும். காய்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம். அதுவும் இந்த டியூப் லைட்டில் பார்ப்பது பார்வையே இல்லை, டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு துணி வெயிலில் அண்ணனும் தம்பியுமாகக்கூட இருக்காது. வடக்குப் பார்த்த சன்னல் வெளிச்சம் வேண்டும். இந்த வீட்டில் வடக்குச் சன்னல் சமையலறையில்தான் இருக்கிறது. அங்கே துளசிமணி இருக்கிறாள். அதனால் காயட்டும். இப்படி ஈரம், டியூப் லைட், வடக்கு வெளிச்சம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வட்டத்தின்மேல் அடுக்கிக்கொண்டே போனார். அத்தனையும் தொழிலில் நியாயமான காரணங்கள், ஒன்றுகூடப் பொய்யில்லை. பின் எதற்கு விடியற்காலையில் உடம்பு அப்படி வெடவெடத்தது. மார்கழிக் குளிர். மார்கழியில் யாருக்குத்தான் குளிரவில்லை. துளசிமணிக்குக் குளிரவில்லையே, மின்விசிறியைப் போட்டுக்கொண்டல்லவா தூங்கினாள்.

"ஏனுங், மாத்திரை போட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "போட்டாச்சு," என்றார். மிக்சி ஓடி நின்றது, தாளிக்கிற வாசம் வந்தது, டிபன் டப்பா மூடுகிற சத்தம் வந்தது. எட்டேகாலுக்கு பனியன் கம்பெனி வேன் வரும், அவள் ஏறிப்போனால் திரும்பி வர ராத்திரி ஒன்பதாகும், இந்த மாதம் ஆர்டர் நெருக்கடி, நேற்று மட்டும் கரண்டு இல்லையென்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனை மேசையில் விரித்து, முன்பக்கம் பின்பக்கம் பார்த்து, ஓட்டை, கறை, ஒரு கைக்கும் மறு கைக்கும் கலர் மாறியிருப்பது எல்லாவற்றையும் பிடித்து ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவாள். பதினேழு வருஷமாகப் பண்ணுகிறாள். அவளும் கலர் பார்க்கிறவள்தான் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது நினைத்தோமா என்று நாச்சிமுத்து யோசித்தார். நினைத்ததில்லை. எப்போதாவது அவள் கம்பெனியில் ஷேடு தகராறு என்று பேச்செடுத்தால், உங்க கம்பெனிக் கலரெல்லாம் ஒரு கலரா என்று இவர் கிண்டல் பண்ணுவார், அவளும் விட்டுவிடுவாள். இந்தப் புண்ணை முதலில் பார்த்தவளே அவள்தான். ஆவணி மாதம், வேலையிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் தரை ஓடெல்லாம் சிவப்பாக அடி அடியாய்ப் பதிந்திருந்தது. "ஏனுங், இதென்ன செகப்பு?" என்று கேட்டாள். "இன்னிக்கு மெரூன் லாட்டு ஓடுச்சு, தண்ணி ஊத்தித் தொடச்சு உடு," என்றார். சாயப்பட்டறைக்காரன் கால் சிவப்பாக இருந்தால் யார் பயப்படுவார்கள், முப்பது வருஷமாகப் பாதம் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு கலரில்தான் வீட்டுக்கு வந்திருக்கிறது. அவள்தான் குனிந்து விரலால் தொட்டு, மோந்து பார்த்து, "இது சாயமில்லீங்," என்றாள். செருப்பு வாரில் ஒரு ஆணி. காலையிலிருந்து அந்த ஆணியோடுதான் நடந்திருக்கிறார். சர்க்கரை வந்த கால், வலி தெரியவில்லை. ஆணி ஏறினாலும் ஒன்றுதான், பூ விழுந்தாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்ட கால் அது.

வலி இல்லையென்றால் கண்தானே மிச்சம் என்று நினைத்தார், நினைத்த உடனே அந்த நினைப்பைத் தள்ளிவிடப் பார்த்தார், அது போகவில்லை. ஐப்பசியில் விரல் கறுத்தது. முதலில் நீலம் பாய்ந்து, அப்புறம் கறுத்து, கடைசியில் சுத்தமான கறுப்பு. பட்டறையிலும் கடைசியில் கறுப்புதான். எந்த லாட்டு கெட்டுப்போனாலும், எந்த ஷேடு தப்பினாலும், ஒன்றும் வழியில்லையென்றால் மொத்தத் துணியையும் மறுபடி தொட்டியில் போட்டுக் கறுப்பு ஏற்றிவிடுவார்கள். கறுப்பு ஏறினதை எந்தக் கொம்பனாலும் இறக்க முடியாது. அந்த எலுமிச்சை மஞ்சள் லாட்டும் அப்படித்தான் கறுப்பாகிப் போனது. ஐயோ, அதை இப்போது எதற்கு. நினைக்கக் கூடாதென்று ஆறு மாதமாகக் கட்டி வைத்திருந்தது, இந்த எட்டணா வட்டத்தின் வழியாக அவிழ்ந்துகொண்டு வருகிறது. ஆனி மாதம். வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான சட்டைத் துணி, எலுமிச்சை மஞ்சள். மெஷின் ஓட்டுகிற மயில்சாமி ஒரு துண்டு வெட்டிக் காயவைத்து எடுத்து வந்தான், சன்னலோரமாக நின்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாஸ்டர், லேசா பச்சை அடிக்கற மாதிரி இருக்குதுங்," என்றான். வடக்கு வெளிச்சம், காய்ந்த துணி, எல்லாம் முறைப்படிதான் இருந்தது. நாச்சிமுத்து வாங்கிப் பார்த்தார். மஞ்சள். பச்சையாவது, அவருக்கு ஒரு நூல் பச்சைகூடத் தெரியவில்லை. "நீ மாஸ்டரா நான் மாஸ்டரா? மஞ்சள்தான். எறக்குடா," என்றார். பத்து நாளில் லாட்டு திரும்பி வந்தது, பச்சை அடிக்கிறது என்று எழுதி. முதலாளி கூப்பிட்டுக் கேட்டார். முந்தின லாட்டு நீலம், மெஷினைச் சரியாகக் கழுவாமல் விட்டிருப்பான் என்று நாச்சிமுத்து சொன்னார். நீங்கள்தானே மாஸ்டர் பார்த்தீர்கள் என்று மயில்சாமி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, முகத்தை மட்டும் பார்த்தான். அந்த வாரமே அவனை நிறுத்திவிட்டார்கள். மெஷினைக் கழுவினானா இல்லையா என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும். கழுவியிருந்தான், பக்கத்தில் நின்று பார்த்தவரே இவர்தான்.

அப்படியென்றால் அந்தத் துணியில் பச்சை எனக்கு ஏன் தெரியவில்லை. இதுதான் கேள்வி, வேறு கேள்வியே இல்லை. ஆறு மாதமாக இதைச் சுற்றிச் சுற்றிப் போய் ஒரு நாளும் நேராகப் போய் நிற்கவில்லை. கண்ணில் ஒன்றுமில்லை, தினத்தந்தி எழுத்துத் தெரிகிறது, பஸ் நம்பர் தெரிகிறது. ஆனால் வெள்ளைச் சட்டையெல்லாம் ஏன் கொஞ்ச நாளாகத் துவைக்காத மாதிரி தெரிகிறது, சோப்பை மாற்று என்று துளசிமணியிடம் எதற்கு இரண்டு தடவை சண்டை போட்டார். சோப்பு அதே சோப்புதான். போன தீபாவளிக்கு அவள் கருநீலப் புடவை கட்டி வந்து நின்றபோது, நல்ல நாளில் எதற்குக் கறுப்பு என்று கேட்டார், அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள். நீலம். எல்லாவற்றிலும் நீலம்தான் தொலைந்திருக்கிறது. மஞ்சளைப் பச்சையாக்குவது என்ன, ஒரு சொட்டு நீலம். அந்த ஒரு சொட்டு நீலம்தான் முதலில் வரும், அந்த ஒரு சொட்டுத்தான் அவர் கண்ணுக்குள் நுழையாது என்றால், இந்த வட்டம் எப்போது பச்சையானாலும் அவருக்கு மஞ்சள்தான். நாளைக்கு வியாழக்கிழமை, கட்டு மாற்றுகிற நாள், சிஸ்டர் எப்படியும் பார்க்கப்போகிறாள், ஒரு நாள்தானே. ஒரு நாள்தான். மருந்து தாங்குவதும் ஒரு நாள்தான். நேற்றைக்கே மாறியிருந்தால் நாளைக்கு எங்கே போவது. கேட்டுவிட்டால் என்ன. துளசி, கொஞ்சம் பார் என்று ஒரு வார்த்தை. கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவளுக்குத் தெரிந்தால் மகளுக்குத் தெரியும், மகள் சொன்னால் மாப்பிள்ளைக்கு, மாப்பிள்ளை பட்டறையில் கணக்குப் பார்க்கிறவன். கண் தெரியாத கலர் மாஸ்டர். ஊரே சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும், பாதம் போனால் சிரிக்கமாட்டார்கள், ஐயோ பாவம் என்பார்கள். எது மேல் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஐம்பத்தெட்டு வயது மனுசன், காலைக் கொடுத்தாவது பெயரைக் காப்பாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

மணி எட்டு ஆறு. நாச்சிமுத்து வாக்கரைப் பிடித்து எழுந்தார். வலது காலை ஊன்றாமல், நாலு கால் கம்பியை முன்னால் வைத்து, உடம்பை இழுத்து, மறுபடி வைத்து, ஒரு வழியாகச் சமையலறை நிலைப்படிக்குப் போய் நின்றார். துளசிமணி கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இந்தப் படியைத் தாண்டினது விரல் விட்டு எண்ணுகிற தடவைதான். "என்னுங், தண்ணி வேணுமா? கூப்பிட்டா கொண்டாரமாட்டனா?" என்றாள். ஆமாம், தண்ணீர்தான் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லியிருந்தால் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். வடக்குச் சன்னலில் வெயில் படாத வெளிச்சம் வெள்ளையாக நின்றது, அதற்குக் கீழே அரிசி டிரம். மெல்ல நகர்ந்து போய், டிரம்மின்மேல் உட்கார்ந்து, காலைத் தூக்கி முக்காலியில் வைத்தார். வட்டத்தைப் பார்த்தார். தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் வேன் வந்துவிட்டதென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. "துளசி, இத சித்த பாரு," என்றார். "இது என்ன கலரு?"

அவள் சிரிக்கவில்லை. கேள்வியே புரியாதவள் போல ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள், இரண்டு கையாலும் அவர் குதிகாலைத் தாங்கி, பனியனைத் திருப்புகிற மாதிரியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "பச்சைங்," என்றாள். "ஈரமா இருக்கும்," என்று நாச்சிமுத்துவின் வாய் அதுபாட்டுக்குச் சொன்னது. அவள் சேலைத் தலைப்பால் வட்டத்தை மெதுவாக ஒற்றி எடுத்தாள். "ஈரமே இல்லீங். காஞ்சுதான் கெடக்குது. பச்சைதானுங்." பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள், "நேத்து சாயங்காலம் குளிச்சுப்போட்டு வந்து துண்டுல தொடச்சு உடறப்பவே எனக்குப் பச்சையாத்தானுங் தெரிஞ்சுது. அதுக்கு முன்னால மஞ்சள்தான். காத்தால சிஸ்டருகிட்ட நீங்க மஞ்சள்னு சொன்னீங்க. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சறப் போவுதுன்னு கம்முனு இருந்துட்டனுங்." மாஸ்டர், லேசா பச்சை அடிக்கற மாதிரி இருக்குதுங் என்று சொன்னவனாவது ஒரு தடவை சொன்னான். இவள் அதையும் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி வைத்திருந்தது யார். அவளைத் திட்ட வேண்டும் போல ஒரு கணம் வாய் துடித்தது, திட்டுவதற்கு முன்னால் கண் கலங்கிவிட்டது. அவள் கைக்குள் தன் குதிகால் இருப்பது தெரிந்தது, கண்ணுக்குத்தான் தெரிந்தது, சூடாக இருக்கிறதா ஜில்லென்று இருக்கிறதா என்று காலுக்குத் தெரியவில்லை. இந்தக் கால் தனக்கு வேண்டும் என்று அவருக்கு அப்போதுதான், அழுகை முட்டுகிற அளவுக்குத் தோன்றியது.

வேன் ஹார்ன் அடித்தது. துளசிமணி சன்னல் வழியாகவே, "இன்னிக்கு வரலீங்ணா, போங்," என்று கத்திவிட்டு, எஸ்தர் சிஸ்டரின் நம்பரைப் போட்டு அவர் கையில் கொடுத்தாள். "சிஸ்டர், நாச்சிமுத்து பேசறனுங். காத்தால மஞ்சள்னு சொன்னது தப்புங். பச்சைங்." அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. "எப்பய்யா மாறுச்சு?" என்றாள் சிஸ்டர். "நேத்து சாயங்காலம். என் சம்சாரம் பாத்தாங்." "நீங்க பாக்கலையாய்யா?" நாச்சிமுத்து துளசிமணியைப் பார்த்தார், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தனுங்," என்றார். "எனக்குத் தெரியலீங் சிஸ்டர். எனக்கு இந்தப் பச்சை தெரியறதில்லீங். ஆறு மாசமாவே தெரியறதில்லை." சொல்லி முடித்ததும் ஏதாவது இடிந்து விழும் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் விழவில்லை, குக்கர் விசில்கூட அடித்தது. சிஸ்டர் மணிக்கணக்குப் போட்டாள், "இன்னும் ஒரு நாள் ஆகலை, மருந்து நிக்கும், இப்பவே கெளம்புங்க, டாக்டர்கிட்ட சொல்லி வெக்கறேன், பயப்படாதீங்க, சர்க்கரைல கண்ணும் மாறும், அதையும் ஒரு தடவை பாத்துரலாம்," என்றாள்.

ஆட்டோவில் காலை அவள் மடியில்தான் நீட்ட வேண்டியிருந்தது, வேறு இடமில்லை. போகும் வழியெல்லாம் அவள் கட்டின்மேல் காற்றுப் படாமல் கையைக் குவித்து மறைத்துக்கொண்டு வந்தாள். மயில்சாமி வீடு இந்தப் பக்கம்தான் எங்கேயோ இருந்தது, இப்போது எந்தப் பட்டறையில் இருக்கிறானோ, போன் நம்பர் மாறியிருக்குமோ, மாறாவிட்டால் எடுப்பானோ, எடுத்தால் என்னவென்று ஆரம்பிப்பது, கழுவினாய் மயில்சாமி, நான் பார்த்தேன் என்றா. ஆஸ்பத்திரி சிக்னலில் வண்டி நின்றது. மணி எட்டே முக்கால், வெயில் நேராக ஆட்டோவுக்குள் விழுந்தது. நாச்சிமுத்து அவள் கையை விலக்கச் சொன்னார். நல்ல வெளிச்சம், காய்ந்த வட்டம், குறுக்கே டியூப் லைட்டும் இல்லை. குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார். மஞ்சள். சுத்தமான எலுமிச்சை மஞ்சள்.

"இப்பவும் பச்சைதானா?" என்று கேட்டார்.

"பச்சைதானுங்."

"அப்பப் பச்சைதான்," என்றார் நாச்சிமுத்து.